இரண்டடித் தொட்டிக்கு எந்த மீன்?

(சென்னை கொளத்தூரில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொளத்தூர் என்றால் வண்ண மீன் என்பது ஊர் அறிந்த விஷயம். மொட்டைமாடியில் சிமென்ட் தொட்டி கட்டிக் குஞ்சு எடுக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு உங்களுக்கானது இல்லை. உங்கள் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, ‘அந்தச் சிவப்பில் நாலு, இந்த நீலத்தில் ரெண்டு’ என்று வாங்கிப் போகிறார்களே, அவர்களுக்கானது.

அப்படி வாங்குகிறவர்களின் வீட்டில் என்ன நடக்கிறது? தொட்டி, கூழாங்கல், ஏர் பம்ப், பிளாஸ்டிக் செடி, மீன் எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் வாங்குகிறார்கள். அன்று மாலையே குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்பி மீனை விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் ஒன்று செத்து மிதக்கிறது. பத்து நாளில் தொட்டி காலி. பிள்ளை அழுகிறது. கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று பேச்சு எழுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த மீனுக்கு எந்தச் சீக்கும் இருந்திருக்காது. அதை விட்ட தண்ணீர்தான் அதைக் கொன்றிருக்கும்.

ஆகவே எந்த மீன் என்ற கேள்விக்கு வருவதற்கு முன்னால் எவ்வளவு தண்ணீர், எப்படிப்பட்ட தண்ணீர் என்று பார்த்துவிட வேண்டும். நிறத்தைப் பற்றிக் கடைசியாக யோசித்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

சின்ன வீடுகளில் வழக்கமாக வைக்கிற தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். மணல் அடைக்கிற இடம், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 45 லிட்டர் அளவில் இருக்கும். கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் மொத்த எடை 60 கிலோவுக்கு மேல். அதனால் டீப்பாய் மேலும் டிவி ஸ்டாண்டு மேலும் வைக்காதீர்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

இந்த 45 லிட்டருக்குள்தான் மீன் உண்ணுகிறது, மூச்சு விடுகிறது, கழிவையும் விடுகிறது. மீனின் உடலிலிருந்து அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும், அதிலும் பெரும் பங்கு செவுள் வழியாகவே. மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றில் இது ஒரு பொருட்டே இல்லை, ஓடுகிற வெள்ளம் கொண்டுபோய்விடும். தொட்டியில் அதைக் கவனித்துக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அது தீர்ந்தது. இந்த இரண்டு வகை பாக்டீரியாக்களும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை இல்லை. முதல் நாளே எட்டு மீனை விட்டால் அவை தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகின்றன.

நம் ஊரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தண்ணீரின் பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சு ஏறும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நஞ்சான பங்கு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அதே தண்ணீர் பி.எச். 8 ஆனால் அந்தப் பங்கு நூற்றில் ஐந்தைத் தொடும். கடலோரச் சென்னையின் போர் தண்ணீரில் 8 என்பது அபூர்வமான அளவு அல்ல. வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரித் தண்ணீர் ஏழரையோடு நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் நம் வீட்டுத் தொட்டிகள் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. வெப்பம் ஏறினால் மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும், தண்ணீரிலோ அது குறைந்திருக்கும்.

என்ன செய்யலாம்? தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குளோரின் போக ஹைப்போ போட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டுவாருங்கள். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியா பெருகும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிற நாளில் மீன் வாங்கப் புறப்படலாம். இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. மீன் வளர்க்கிற நண்பர் வீட்டில் நோய் நொடி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் வைத்துவிடுங்கள். பாக்டீரியா கூடவே வந்துவிடும்.

இப்போது மீனுக்கு வருவோம். முதலில் தங்கமீனைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் பத்தில் ஏழு பேராவது அதைத்தான் கேட்டு வருகிறார்கள். சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வகைக் கெண்டையிலிருந்து தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய மீன் அது. அழகில் குறையே இல்லை. ஆனால் சின்னத் தொட்டிக்கு அது ஆகவே ஆகாது. கடையில் இரண்டு அங்குலம் இருப்பது குஞ்சு. குண்டு வயிற்று ரகங்களே ஆறு, ஏழு அங்குலம் வளரும், ஒற்றை வால் ரகம் ஓரடியைத் தொடும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உண்பது குடல் வழியே விரைவில் கடந்துபோவதால் நாள் முழுவதும் மேய்ந்துகொண்டும் கழித்துக்கொண்டும் இருக்கும். பிறப்பால் குளிர்ந்த நீருக்கு உரியது என்பதால் நம் கோடை அதற்கு வாதை. நன்றாக வைத்தால் எவ்வளவு காலம் வாழும் தெரியுமா? இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை, 43 வயது வரை இருந்தது. அப்படி வாழக்கூடிய உயிரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு ஒரு மாதத்தில் சாகவிடுகிறோம். கிண்ணத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. மேலே குறுகிய வாய், உள்ளே ஃபில்டருக்கு இடமில்லை, மூன்று லிட்டரோ நான்கு லிட்டரோ தண்ணீர். எந்த மீனுக்கும் அது வீடாக முடியாது. அதை விற்பதையே நிறுத்த வேண்டும்.

தங்கமீனைச் சொன்ன இடத்திலேயே அளவுக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘கேலனுக்கு ஓர் அங்குலம் மீன்’ என்று ஒரு விதி புழக்கத்தில் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். மீன் நீளத்தில் இரட்டிப்பானால் எடையில் எட்டு மடங்கு ஆகிறது. அதாவது ஓரங்குல மீன் ஆறு சேர்ந்தாலும் ஓர் ஆறங்குல மீனின் எடைக்குப் பக்கத்தில்கூட வராது. அங்குலக் கணக்கில் இரண்டும் ஒன்று, தண்ணீருக்கு ஒன்றல்ல. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது முழுசா வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?’ என்பதே. ஆஸ்கர் ஓரடிக்கு வரும். வாஸ்துவுக்காக வாங்குகிற அரோவானா அதையும் தாண்டும். ‘ஷார்க்’ என்று ஆசையாக வாங்குகிற பங்காசியஸ் ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்கிற மீன். இவை எல்லாம் கடைத் தொட்டியில் மூன்று அங்குலத்தில் நீந்திக்கொண்டிருக்கின்றன. பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஏஞ்சல் மீனுக்கும் இரண்டடித் தொட்டியின் உயரம் போதாது.

இடம் ஓரடிக்கு மேல் இல்லை என்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே மீன்: ஃபைட்டர். தாய்லாந்தின் மீன், 2019-இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தலைக்குள் இருக்கும் ஒரு தனி உறுப்பால் மேலே வந்து காற்றையே நேராக மூச்சாக இழுக்கும். அதனால்தான் ஊறுகாய் பாட்டிலிலும் உயிரோடு கிடக்கிறது. உயிரோடு கிடப்பது வேறு, வாழ்வது வேறு. 20 லிட்டராவது கொடுங்கள், மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, படுத்து ஓய்வெடுக்க அகன்ற இலைச் செடி ஒன்று, மேலே மூடி. ஓர் ஆண் மீன் மட்டும். நம் வெயில் அதற்கு ஒத்துப்போகும். ஒரு வாரத்தில் அது உங்கள் முகத்தைக் கண்டு முன்கண்ணாடிக்கு வரும். துணைக்கு இன்னொன்று வேண்டுமே என்று இரக்கப்பட்டு எதையும் சேர்க்காதீர்கள். தனிமைதான் அதற்கு நிம்மதி.

இரண்டடித் தொட்டி உள்ளவர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரை அறிந்துகொள்ள வேண்டும். கோவையில் மென்மையான சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் ஏறும் சென்னை போர் தண்ணீர் வீட்டுக்கும் ஒரே மீன் பொருந்தாது. படிவம் ஏறும் கடின நீர் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி. குட்டி போடுகிற இந்த இனங்களுக்குக் கடின நீர்தான் பிடிக்கும். நியான் டெட்ராவை அந்தத் தண்ணீரில் விடாதீர்கள். அமேசான் ஓடைகளின் மென்மையான, அமிலத் தன்மையுள்ள நீரில் பிறந்த இனம் அது. சிலர் ஆர்.ஓ. தண்ணீரையே முழுக்க ஊற்றிவிடுகிறார்கள். அதில் உப்புகளே இல்லாததால் பி.எச். நிலையில்லாமல் சரிந்துவிடும். போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் பரவாயில்லை. ஊட்டி, கொடைக்கானல் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு சொல்: குளிரைத் தாங்குகிற ஒயிட் கிளவுட் மீனைத் தேடுங்கள். சீனத்தில் குவாங்சோ நகரத்தை ஒட்டிய வெண்மேக மலையின் ஓடைகளில் கண்டெடுத்த இனம், 1932-இல் அறிவியல் பெயர் பெற்றது. ஹீட்டர் தேவைப்படாது.

கப்பி வாங்குகிறவர்கள் ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். நிறமும் வாலும் ஆணுக்குத்தான். ஒரு பெண் மீன் சேர்ந்தால் மாதம் ஒரு பிரசவம், ஒவ்வொன்றிலும் இருபது, முப்பது குட்டி. ஆணைப் பிரித்துவிட்டாலும் நிற்காது. பெண் கப்பி விந்தணுக்களைப் பல மாதம் உடலிலேயே சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் குட்டி போடும். ஆறு மாதத்தில் 45 லிட்டர் நெரிசலாகிவிடும்.

இனி என் மனத்துக்கு மிக நெருங்கிய மீனுக்கு வருகிறேன். ஜீப்ரா மீன். கடையில் மூலைத் தொட்டியில், மலிவு விலைச் சீட்டோடு கிடக்கும். ஒன்றரை அங்குல உடல், நீளவாட்டில் நீலக் கோடுகள். யாரும் நின்று பார்ப்பதில்லை. இது நம் துணைக்கண்டத்து மீன். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை ஆற்று மீன்களைப் பற்றி 1822-இல் எழுதிய நூலில் முதன்முதலாக இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். வயல் வாய்க்காலிலும் மெல்ல ஓடும் ஓடையிலும் வாழ்வது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை ஆய்வு உயிரியாக எடுத்துக்கொண்டார். முட்டையும் கருவும் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் இதயம் உருவாவதையே நுண்ணோக்கியில் நேரில் பார்க்கலாம். 2013-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டபோது, மனித மரபணுக்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு இந்த மீனில் இணை இருப்பது தெரியவந்தது. உலகம் முழுவதும் புற்றுநோய், இதய நோய் ஆய்வுக்கூடங்களில் வரிசை வரிசையாக வைத்து வளர்ப்பது இந்த மூலைத் தொட்டி மீனைத்தான்.

வீட்டுத் தொட்டிக்கு இது ஏன் பொருந்துகிறது? வெயிலையும் தாங்கும், மார்கழிக் குளிரையும் தாங்கும். தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் மென்மையாக இருந்தாலும் பழகிக்கொள்ளும். போட்ட தீனியைத் தின்னும். ஆனால் இரண்டு, மூன்று என்று வாங்கக் கூடாது. கூட்டமாக வாழும் இனம் இது. இரண்டே இரண்டை விட்டால் பலமானது மற்றதை ஓய்வில்லாமல் துரத்தும். எட்டு, பத்து சேர்ந்து விடுங்கள், துரத்தல் கூட்டத்தில் பரவிக் கரைந்து விளையாட்டாகிவிடும். பத்து மீனும் ஒரே கணத்தில் திரும்பும்போது அத்தனை கோடுகளும் சேர்ந்து மின்னும். எதிர்த்தாற்போல் உட்கார்ந்து பார்த்தால் நேரம் போவது தெரியாது. துள்ளக்கூடியது என்பதால் தொட்டிக்கு மூடி கட்டாயம். ரோஸ், பச்சை என்று பளீரென ஒளிரும் ஜீப்ரா கடைகளில் இருக்கும். மரபணு மாற்றிய மீன்கள் அவை. எனக்கு அவற்றில் விருப்பமில்லை. கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்பதோ கொடுமை. ஏற்றிய சாயம் சில மாதத்தில் மங்கிவிடும், ஊசி குத்திய மீன்களில் பல அதற்குள் நோய் கண்டு செத்துவிடும். அதை யாரும் வாங்காதிருந்தால்தான் அது நிற்கும்.

ஜீப்ராவின் ஓட்டம் கண்ணுக்கு அதிகம், சற்று அமைதியான தொட்டி வேண்டும் என்கிறவர்களுக்குச் செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்குக் காடுகளில், மர நிழல் விழும் ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் இனம். 1929-இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது, ஆகவே காட்டு ஓடைக்கு நட்டம் இல்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாது. கடையின் வெறும் கண்ணாடித் தொட்டியில் வெளிறிப்போய் நிற்கும், பார்த்து ஏமாறாதீர்கள். இருண்ட மணல், நிறையச் செடி, கொஞ்சம் நிழல் கொடுத்தால் மூன்றே வாரத்தில் ஆண் மீன் செக்கச்சிவந்துவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் ஒன்பது வாங்குங்கள். இவற்றோடு ஒரு ஜோடி தேன் நிற கௌராமி சேரலாம். அதுவும் ஹாமில்டன் 1822 நூலில் பெயரிட்ட வங்க, அசாம் பகுதி மீன்தான், பயந்த சுபாவம். அதற்கு மேல் வேண்டாம். பத்து வகையில் ஒவ்வொன்று என்று கலந்து விட்டால் எந்த மீனும் தன் இயல்பைக் காட்டாது. ஒன்றோ இரண்டோ இனம், நல்ல எண்ணிக்கை. இது என் விருப்பம் மட்டுமல்ல, பார்க்கப் பார்க்க அலுக்காத தொட்டி அப்படித்தான் அமையும் என்று நம்புகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை மீன்களை ஆசைப்பட்டுக் கேட்பவர்கள் உண்டு. மிஸ் கேரளா, சென்னை மாகாண ஆளுநராக இருந்த டெனிசன் பெயரை மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே 1865-இல் இட்டு அழைத்த மீன். பேரழகுதான். ஆனால் ஆறு அங்குலம் வளர்ந்து, ஓடும் நீரில் கூட்டமாக விரையும் இனம். அதற்கு நான்கடித் தொட்டியே குறைவு. வேட்டையால் அருகிப்போய் அழியும் நிலையில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலிலும் இருக்கிறது. ஆற்றில் பிடித்ததை வாங்கவே வாங்காதீர்கள். கேரள ஆறுகளின் குட்டிப் பேத்தை மீன் ஓரங்குலம்தான், பார்த்தால் கையில் எடுத்துக் கொஞ்சத் தோன்றும். அது மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும், உயிருள்ள இரை கேட்கும். அனுபவப்பட்டவர்களுக்கு மட்டும்.

ஒரு மீனைப் பற்றி எச்சரிக்காமல் இறங்க மாட்டேன். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீன். அழுக்கைத் தின்னும், தொட்டியைக் கழுவ வேண்டியதில்லை என்று சொல்லி ஒவ்வொரு தொட்டிக்கும் ஒன்று கட்டிக்கொடுக்கிறார்கள். அது தின்பது கண்ணாடியில் படியும் பாசியை. மற்ற மீன்களின் கழிவை அது தொடாது. தானே ஏராளமாகக் கழிக்கும். ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் வாளியில் எடுத்துப்போய் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். கொல்ல மனமில்லாத இரக்கம்தான் காரணம், எனக்குப் புரிகிறது. ஆனால் தென் அமெரிக்காவில் பிறந்த அந்த மீனுக்கு இங்கே எதிரி இல்லை. உடல் முழுக்கக் கவசம், துடுப்பில் முள். கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகுகிறது. தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் இப்போது வலை போட்டால் இதுதான் வருகிறது. வலை கிழிகிறது, விற்றால் வாங்க ஆளில்லை. கெண்டைக்கும் விராலுக்கும் உரிய இடத்தை இது அடைத்துக்கொண்டிருக்கிறது. நாம் கடையில் ஒரு நிமிடத்தில் எடுக்கிற முடிவின் பாரத்தை மீனவர் சுமக்கிறார். பாசி படிந்தால் பழைய ஸ்பாஞ்சால் துடையுங்கள், இரண்டு நிமிட வேலை. எந்த மீனையும் வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.

கடையில் மீனைப் பார்ப்பதற்கு முன் அது இருக்கும் தொட்டியைப் பாருங்கள். அதில் ஒன்று செத்துக் கிடந்தாலும், ஒன்றின் மேல் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் இருந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் வாங்க வேண்டாம். துடுப்பை விரித்து நீந்துகிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். பாய்ந்து வந்து தின்கிற மீனை எடுங்கள். உள்ளூரில் குஞ்சு எடுத்ததா என்றும் கேளுங்கள். இங்கத்திய போர் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீன் உங்கள் வீட்டுத் தண்ணீருக்குச் சீக்கிரம் பழகும்.

பத்து மீன் என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காமல் முதலில் ஐந்து, இரண்டு வாரம் கழித்து ஐந்து என்று வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து உள்ளே விடுங்கள். பைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். அன்று இரவு விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் காலை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கக்கூடிய அளவு மட்டும் போடுங்கள். அதை உங்கள் பிள்ளையின் கையால் போடச் சொல்லுங்கள்.

கேள்வி உள்ளவர்கள் கேட்கலாம். வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள், சோதனைக் கிட் இங்கே இருக்கிறது.